பாட்டு வழியாக வரும் விசுவாசம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

போன ஞாயிறு கேட்ட பிரசங்கத்திலிருந்து மூன்று வாக்கியம் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் திணறுவோம். அன்று பாடிய பாட்டின் பல்லவியைக் கேட்டால் ராகத்தோடு வந்துவிடும்.

ஏன் பாடுகிறோம்? இயேசு பாடினார். கடைசி இராப்போஜனம் முடிந்து, ஸ்தோத்திரப்பாட்டைப் பாடின பின்புதான் சீஷர்களோடு ஒலிவமலைக்குப் போனார் என்று மாற்கு எழுதுகிறார். மறுநாள் சிலுவை. அப்புறம் சுமார் கி.பி. 112-ல், ரோம ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்களை விசாரித்து அவர் தெரிந்துகொண்டதில் இதுவும் ஒன்று: குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றி மாறிமாறிப் பாடுகிறார்கள். சபைத் தலைவர்கள் கூடி, கிறிஸ்து மெய்யான தெய்வம் என்று அறிக்கையிட்ட நிசேயா சங்கம் நடந்தது 325-ல். அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே அந்த விசுவாசம் பாட்டில் இருந்தது!

பாட்டின் பலம், அந்தச் சங்கம் கண்டித்த போதகர் ஆரியுவுக்கும் தெரியும். குமாரன் படைக்கப்பட்டவர் என்ற தன் போதனையை, மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடும் பாட்டுகளாக்கினார் என்று ஒரு பழைய வரலாற்றாசிரியர் சொல்கிறார். வேலை செய்துகொண்டே பாடினால் போதும், கொள்கை தானாக உள்ளே போய்விடும்.

அதனால்தான் நாம் என்ன பாடுகிறோம் என்பதில் எனக்குக் கவலை. மனைவியை அடக்கம்பண்ணிய மறு ஞாயிறு ஒருவர் எனக்கு முன்வரிசையில் நின்றார். முதல் பாட்டு முழுக்க வெற்றி, சந்தோஷம். புத்தகம் திறந்திருந்தது, உதடு அசையவில்லை. கட்டைவிரல் பக்கத்தின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது. அந்தப் பாட்டில் அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை.

சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்கிறது 13-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஜெயத்தை மட்டும் பாடிப் பழகிய சபை, அழுகிறவனுக்கு விசுவாசம் போதாது என்று, யாரும் போதிக்காமலே நம்பத் தொடங்கிவிடும்.

பாட்டுகளினால் ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லும்படி கொலோசெயருக்கு எழுதுகிறார் பவுல். பாட்டு கர்த்தரிடம் போகிற வழியில் பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழுகிறது.

அன்று இரண்டாவது பாட்டு பழையது, மெதுவானது. அப்போதும் அவரால் பாட முடியவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி பாடினார். கடைசிச் சரணத்தில் அவர் உதடு அசைந்தது.