கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் இப்போது பார்த்து முடித்த ஜப்பானியப் படம் ‘யூத் ஆஃப் தி பீஸ்ட்’ 1963இல் வந்தது. ஹருஹிகோ ஒயாபுவின் நாவலை வைத்து செய்ஜுன் சுசுகி எடுத்தார். நிக்கட்சு ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்த இயக்குநர் அவர். ஸ்டுடியோ கையில் கொடுக்கும் கதையைக் குறைந்த செலவில் சீக்கிரம் முடித்துத் தர வேண்டும், அதுதான் வேலை.

கதை உங்களுக்கு இப்போது தெரியும். செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போய்வந்த முன்னாள் போலீஸ்காரன் மிசுனோ. நண்பன் தகேஷிதா செத்தது காதல் தற்கொலை என்று ஊர் சொல்கிறது. அவன் நம்பவில்லை. ரவுடி வேஷத்தில் நோமோதோ கும்பலுக்குள் நுழைகிறான், பிறகு எதிர்க் கும்பலோடும் பேரம் பேசுகிறான்.

சுசுகி என்றாலே எல்லோரும் நிறங்களைப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். கறுப்பு வெள்ளையில் தொடங்கும் முதல் காட்சியில் அந்த ஒற்றைச் சிவப்புப் பூவை யார் மறப்பார்கள்? ஆனால் என்னை உலுக்குவது இடங்கள்தான். மிசுனோ கிளப்பில் உட்கார்ந்து பணத்தை வாரி இறைக்கிறான். சட்டென்று கேமரா கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது. பாட்டு, சிரிப்பு எல்லாம் அறுந்து மௌனம். அங்கே கும்பல் உட்கார்ந்து அவனை வேடிக்கை பார்க்கிறது. அவனுக்கு அவர்கள் தெரிவதில்லை. எதிர்க் கும்பலின் அலுவலகமோ ஒரு சினிமா தியேட்டரில், திரைக்குப் பின்னால். அவர்கள் பேரம் பேசும்போது பின்னால் பிரம்மாண்டமான முகங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

சிறையிலிருந்து வந்தவன் போகுமிடமெல்லாம் கண்காணிப்பு அறைதான். விடுதலை என்று ஒன்று அவனுக்குக் கிடைக்கவே இல்லை என்பதை சுசுகி ஒரு வரி வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். கடைசிச் சண்டையில்கூட அவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் சுடுகிறான்! மிசுனோவாக நடித்த ஜோ ஷிஷிதோவின் அந்த உப்பிய கன்னம், அறுவை சிகிச்சையில் வரவழைத்துக்கொண்ட கன்னம், அதையும் மீறி முகத்தில் ஒரு களைப்பு தெரிகிறது பாருங்கள், அது பெரிய நடிப்பு.

சரி, முடிவுக்கு வருவோம். கொலைக்குப் பின்னால் இருந்தது நண்பனின் மனைவியே என்று தெரிந்ததும் மிசுனோ அவளைத் தன் கையால் தொடவில்லை. தாயைப் பழித்தால் வெறிகொள்ளும், நோமோதோவின் தம்பி ஹிதேயோவின் சவரக்கத்திக்கு முன்னால் அவளை விட்டுவிட்டுப் போகிறான். இதை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை தெரிந்த பிறகு போலீஸ்காரனாகவும் நடக்க முடியாமல், ரவுடியாகவும் கொல்ல முடியாமல் அவன் எடுத்த வழி அது. அந்த இடத்தில் அவனை மன்னிக்க முடியுமா என்று இனி நீங்கள் பேச வேண்டும். மைக்கைக் கீழே தருகிறேன்.