பண்ணையிலிருந்து வந்த குரல்: பிர்கிட் நீல்சன்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவீடன் நாட்டின் 500 குரோனா நோட்டில் ஒரு பாடகியின் முகம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், சுவீடனையும் டென்மார்க்கையும் இணைக்கும் பெரிய கடல் பாலம். அந்தப் பாலம் தொடங்கும் ஸ்கோனே பகுதிதான் அந்தப் பாடகியின் சொந்த மண். பெயர் பிர்கிட் நீல்சன். 1918 மே 17 அன்று, வெஸ்த்ரா காருப் என்ற கிராமத்தில் ஓர் உழவர் வீட்டின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார்.

ஒரே பிள்ளை என்பதால் பண்ணையை மகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா நினைத்திருந்தார். மகளும் மாடு கறந்தார், உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் பயிரிட்டார். ஊர்த் தேவாலயத்தில் பாடியபோதுதான் இசை தெரிந்த ஒருவர் அந்தக் குரலைக் கண்டுகொண்டு பயிற்சி கொடுத்தார். 1941இல், அப்பாவுக்கு முழு மனது இல்லாமலேயே, ஸ்டாக்ஹோம் இசைக் கல்லூரிக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 23.

முதல் மேடையே சோதனையாக அமைந்தது. 1946இல், ஸ்டாக்ஹோம் ஓபரா அரங்கில், அதாவது பாட்டால் கதை சொல்லும் நாடகங்கள் நடக்கும் அரங்கில், ஜெர்மன் இசையமைப்பாளர் வேபரின் ஓபரா ஒன்றில் அகாதே என்ற பெண் வேடத்தில் பாட வேண்டியவர் நோயில் விழ, மூன்றே நாள் அவகாசத்தில் பிர்கிட்டை அழைத்தார்கள். அவர் பாட்டில் தடுமாறியதை இசை நடத்துநர் லியோ பிளெக் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் காட்டிய கடுமையில், உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணியதாகப் பிர்கிட் பின்னாளில் சொன்னார். மறு ஆண்டே பிரிட்ஸ் புஷ் நடத்த, வெர்டியின் 'மேக்பெத்' ஓபராவில் லேடி மேக்பெத்தாக அதே மேடையில் ஏறினார். அந்த ஒரு வேடம் ஸ்டாக்ஹோமின் சந்தேகத்தைத் துடைத்துவிட்டது. ஒரு நடத்துநர் உடைத்ததை இன்னொரு நடத்துநர் கட்டினார் என்றுதான் நான் அந்த இரண்டு ஆண்டுகளைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓபராவில் மைக் கிடையாது. மேடைக்கு முன்னே உள்ள பள்ளத்தில் எண்பது, நூறு கலைஞர்கள் பித்தளைக் குழல்களும் முரசுகளுமாக முழங்குவார்கள். அதைத் தாண்டி, கடைசி வரிசையில் மலிவு டிக்கெட்டில் நிற்பவர் காதுக்கும் ஒரே ஒரு தொண்டையின் ஒலி போய்ச் சேர வேண்டும். கத்தினால் சேராது, தொண்டைதான் கெடும். ஸ்டாக்ஹோமில் பாடகர்களின் குரலை ஆராய்ந்த யூகான் சுண்ட்பெர்க் என்ற அறிவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சுரம் மேலே ஏற ஏற, தேர்ந்த பாடகி தாடையை இன்னும் தாழ்த்துகிறார். வாய்க்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வு, பாடும் சுரத்தோடு ஒத்துப்போகிறது. மூச்சைக் கூட்டிச் செலவழிக்காமலே ஒலி பெருகிவிடுகிறது. பிர்கிட்டின் மேல் சுரங்கள் எஃகுக் கம்பி போல நேராக வருவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த விளக்கம்தான் நினைவுக்கு வரும்.

அந்தக் குரலுக்கென்றே எழுதியது போல இருந்தது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை. அவருடைய 'டிரிஸ்டான் உண்ட் ஐசோல்ட்' ஓபராவில் பாட்டு மட்டுமே ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதில் கதாநாயகி ஐசோல்ட் வேடத்தைப் பிர்கிட் 200 தடவைக்கு மேல் பாடியிருக்கிறார். 1959 டிசம்பர் 18 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்முதலாகப் பாடியதும் இதே வேடம்தான். மறுநாள் அந்த நகரத்தின் பெரிய நாளிதழ் அதை முதல் பக்கச் செய்தியாக்கியது.

பத்து நாள் கழித்து நடந்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. டிசம்பர் 28. கதாநாயகன் டிரிஸ்டானாகப் பாட இருந்தவருக்கு உடல்நலமில்லை. மாற்றுப் பாடகருக்கும் உடல்நலமில்லை. அவருக்கு மாற்றானவருக்கும் அப்படியே. அரங்கின் தலைவர் ரூடால்ஃப் பிங் திரைக்கு முன் வந்து நிலைமையைச் சொன்னார். முழு ஓபராவையும் பாட மூவரில் ஒருவராலும் முடியாது. ஆனால் நல்லவேளையாக இதில் மூன்று அங்கங்கள்தான் இருக்கின்றன என்றார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆளுக்கோர் அங்கம் பாடினார்கள். மூன்று டிரிஸ்டான்களுக்கும் ஒரே ஐசோல்ட், தொடக்கம் முதல் இறுதிவரை. ஐசோல்ட் பாட என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், காலுக்கு வசதியான செருப்பு. வயல் வேலை பார்த்தவருக்குத்தான் அது முதலில் தோன்றும்.

வரிப் பிரச்சினையால் எழுபதுகளின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் அமெரிக்கா பக்கம் போகாமல் இருந்தார்; 1979இல் திரும்பினார். 1984இல் மேடையை விட்டார். சேர்த்த பணத்தை ஓர் அறக்கட்டளையாக்கி, 10 லட்சம் டாலர் பரிசு ஒன்றை நிறுவினார். முதல் பரிசு யாருக்கு என்பதை மட்டும் தாமே முடிவு செய்து வைத்துவிட்டுப் போனார். 2009இல் அது ஸ்பெயின் நாட்டு ஓபரா பாடகர் பிளாசிடோ டொமிங்கோவுக்குக் கிடைத்தது.

2005 டிசம்பர் 25 அன்று, தம் 87ஆம் வயதில் பிர்கிட் காலமானார். சொந்த ஊர்த் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு முடியும் வரை உலகத்துக்குச் செய்தி தெரியாது. சிறுமியாகப் பாடிய அதே தேவாலயத்தின் மண்ணில்தான் அவர் இருக்கிறார்.

இந்த உரையைத் தொடர்ந்து, 1966இல் ஜெர்மனியில் வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவில் கார்ல் பேம் நடத்திய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவிலிருந்து, ஐசோல்ட் பாடும் இறுதிப் பகுதியைக் கேட்கப் போகிறீர்கள். ஏழு நிமிடம் போல வரும். இசை அலை அலையாக எழுந்து அவரை மூழ்கடிக்கப் பார்க்கும். அவர் மேலேயே மிதப்பார். ஆனால் வானொலியின் ஒலியளவைக் குறைத்துவிடாதீர்கள். அவர் பாடும் கடைசிச் சொல் ஓங்கி வராது. மிக மெதுவாக, ஒரே மூச்சில், மேலே ஏறி அங்கேயே நிற்கும்.