மூடிய மரபணுவைத் திறந்த கத்தரி

[திரையில்: தாயின் ரத்தமும் கருவின் ரத்தமும் அருகருகே ஓடுகின்றன]

கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தாயின் ரத்தத்திலிருந்துதான் அது பெற்றாக வேண்டும். அதனால் ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தப் புரதமான ஹீமோகுளோபின், கருவில் தாயினுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றுகிறது. அதில் இருப்பவை நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு காமா. பிறந்த சில மாதங்களில் காமா ஏறக்குறைய மறைந்து, பீட்டா அந்த இடத்துக்கு வந்துவிடும்.

காமாவின் மரபணு எங்கே போனது? எங்கும் போகவில்லை. 11ஆம் குரோமோசோமில், பீட்டா மரபணுவுக்குச் சற்று முன்னால், ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கிறது. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற, புரதம் செய்வதற்கான நகலைப் படியெடுப்பதுதான் நின்றுபோயிருக்கிறது.

[திரையில்: ஒரு புரதம் டி.என்.ஏ. இழைமேல் வந்து அமர்கிறது]

அதை நிறுத்தி வைப்பதில் முக்கியப் பங்கு பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்கு. 2008இல் ஆய்வாளர்கள் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் இதைக் காட்டினார்கள்.

மருத்துவர்கள் இதில் ஆர்வம் கொள்ளக் காரணம், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோய். நீலகிரிப் பழங்குடி மக்களிடையேயும் காணப்படும் இந்நோயில் பழுது பீட்டா சங்கிலியில். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். ஆனால் நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் தொல்லையே இருப்பதில்லை. கரு ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று 1948இலேயே மருத்துவர் ஜேனட் வாட்சன் ஊகித்தார்.

அப்படியானால் காமாவை மீண்டும் வரவைக்க பிசிஎல்11ஏ மரபணுவையே சிதைத்துவிடலாமே? கூடாது. மூளை வளர்ச்சிக்கும், நோய் எதிர்ப்புக்கான பி செல்களுக்கும் அந்தப் புரதம் வேண்டும். இந்த முட்டுக்கட்டைக்கு விடை கிடைத்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மரபணுவுக்குள்ளேயே, புரதத்துக்கான குறியீடு எதுவும் இல்லாத ஒரு சிறு துண்டு இருக்கிறது. சிவப்பணுவாக மாறப்போகும் செல்கள் பிசிஎல்11ஏ உற்பத்தியைக் கூட்ட இந்தத் துண்டை நம்பியிருக்கின்றன. மூளைக்கும் பி செல்களுக்கும் இது தேவையில்லை.

[திரையில்: கிரிஸ்பர் கத்தரி அந்தத் துண்டுக்குள் வெட்டுகிறது]

ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை நோயாளியிடமிருந்து எடுத்து, ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியால் இந்தத் துண்டுக்குள் மட்டும் வெட்டி, அவர் உடலுக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். சிவப்பணு வரிசையில் பிசிஎல்11ஏ குறைகிறது, காமா மீண்டும் உருவாகிறது. பழுதான பீட்டா மரபணுவை யாரும் தொடுவதே இல்லை!

காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. பழைய எலும்பு மஜ்ஜையைக் கடுமையான கீமோதெரபியால் அகற்றிய பிறகே புதிய செல்களை ஏற்ற முடியும். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர்.