மனு தாக்கலான நேரத்தில் ஆள் எங்கே இருந்தார்?

சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர் ஒரு வினா அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாகப் போராடியதற்காக 2025-இல் பிடித்து வைக்கப்பட்ட மாணவர்கள், குடிவரவு நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருக்கும்போது, ஏன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள் என்பது அவருடைய ஐயம். இது என் மனத்தையும் வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்த வினாதான்.

குடிவரவு நீதிபதி என்பவர் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ்ப் பணிபுரியும் அலுவலர்; தனித்து இயங்கும் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர் அல்லர். பிடிக்கப்பட்டவர்களுள் ஒருவரான கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மஹ்மூத் கலீல் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருந்தவர். அவர்மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை. அவர் நாட்டில் இருப்பது வெளியுறவுக் கொள்கைக்குக் கேடு என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ கருதியதே அவருக்கு எதிராக முதலில் காட்டப்பட்ட காரணம். அந்த முடிவைக் கேள்வி கேட்கத் தமக்கு அதிகாரமில்லை என்று லூசியானாவின் ஜெனா நகரிலிருந்த குடிவரவு நீதிபதி ஏப்ரலில் கூறிவிட்டார். பேச்சுரிமைக்காகப் பழிவாங்குகிறார்கள் என்ற வாதத்தை அங்கே எழுப்பிப் பயனில்லை என்பதால்தான் ஆட்கொணர்வு மனு தேவைப்பட்டது.

ஆனால் நேயர் கேட்டிருக்க வேண்டிய வினா இன்னொன்று உண்டு: மனு தாக்கலான நேரத்தில் ஆள் எங்கே இருந்தார்? முந்தைய உரைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன், மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்குகளின் போக்கையே நிர்ணயித்தது இதுதான். ஆள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பகுதியின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பது 2004-இல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பொதுவிதி. மார்ச் 8 இரவு நியூயார்க்கில் கைதான கலீலுக்காக மறுநாள் விடியுமுன்பே வழக்கறிஞர்கள் நியூயார்க்கில் மனுப் போட்டார்கள். அதற்குள் அவர் நியூஜெர்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார், பின்பு லூசியானாவுக்கு. வழக்கு நியூஜெர்சிக்கு மாற்றப்பட்டது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ருமேசா ஓஸ்டுர்க், மாணவர் நாளிதழில் மூவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர். மார்ச் 25 மாலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் நகரத் தெருவில் முகமூடி அணிந்தவர்கள் அவரைப் பிடித்தார்கள். இரவு 10 மணியளவில் மாசசூசெட்ஸில் மனு தாக்கலானபோது அவர் வெர்மான்ட்டுக்குள் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறார் என்பதே வழக்கறிஞருக்குத் தெரியாது. அந்த வழக்கு வெர்மான்ட்டுக்குச் சென்றது. இருவரும் பின்பு அடைக்கப்பட்ட லூசியானாவில் நடத்த வேண்டும் என்ற அரசின் வாதம் இரண்டு வழக்கிலும் எடுபடவில்லை.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் கொலம்பியா மாணவர் மொஹ்சென் மஹ்தாவியை வைத்துப் பாருங்கள். குடியுரிமை நேர்காணலுக்கு வரச் சொன்ன இடத்தில் தம்மைப் பிடிக்கக்கூடும் என்று அவர் முன்பே அஞ்சியதால் வழக்கறிஞர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். ஏப்ரல் 14 அன்று அங்கே அவர் பிடிக்கப்பட்டதும், வெர்மான்ட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது என்ற ஆணை உடனே கிடைத்தது. ஏப்ரல் 30-இல் விடுதலையானார். ஓஸ்டுர்க்குக்கு ஆறு வாரத்துக்கு மேலாயிற்று, கலீலுக்கு 104 நாட்கள்.

அந்த 104 நாட்களுக்குள் கலீலுக்கு மகன் பிறந்தான். பிரசவத்தின்போது மனைவியுடன் இருக்கக் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வென்றாலும் இதைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

இதனால்தான் கலீல் வழக்கில் 2026 ஜனவரியில், நியூஜெர்சியிலிருந்து வரும் மேல்முறையீடுகளை விசாரிக்கும் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அளித்த தீர்ப்பு எனக்குப் பெருங்கவலை தருகிறது. குடிவரவு நடைமுறை முழுவதும் முடிந்த பிறகே இந்த வாதங்களை எழுப்பலாம், மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பில்லை என்கிறது அத்தீர்ப்பு. இதே நீதிமன்றம் முன்பும் இவ்வழியே சென்றிருக்கிறது. ரூபியோ கையாண்ட, குடிவரவுச் சட்டத்தின் இந்த வெளியுறவுக் கொள்கைப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1996-இல் நியூஜெர்சி மாவட்ட நீதிபதி மேரிஆன் டிரம்ப் பேரி, அதாவது இன்றைய அதிபரின் தமக்கை, தீர்ப்பளித்தார்; முதலில் குடிவரவு நடைமுறையை முடித்துவிட்டு வரட்டும் என்று சொல்லி மேல்முறையீட்டில் அதை நீக்கினார்கள். பிரிவு செல்லுமா என்ற கேள்விக்கு அன்றும் விடை சொல்லவில்லை. நேயரின் வினாவுக்கு என் பதில் இதுவே: குடிவரவு நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடாது, அது முடியும்வரை மற்ற நீதிமன்றமும் தொடக்கூடாது என்றால், அடைபட்டிருப்பவர் அதுவரை யாரிடம் முறையிடுவது?