எட்டாம் நம்பர் காரும் ஒரு லேடீஸ் கோட்டும்

வணக்கம். பழைய ரேஸ் கார் ஒண்ணு ஷெட்ல பிரிச்சுப் போட்டுக் கிடக்கு, அது சின்ன வயசுல எங்கெங்க ஓடுச்சுன்னு கண்டுபிடிக்கணும், இதுதான் பல வருஷமா எனக்குப் பிடிச்ச பைத்தியம். விண்டேஜ்னு சொன்னா பழசு எல்லாம் விண்டேஜ்னு நினைக்கறோம், ஆனா 1934-ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் கணக்குப்படி 1930 முடியறதுக்குள்ள செஞ்ச கார்தான் விண்டேஜ். சரி, அது போகட்டும்.

எல்லாரும் முதல்ல கேக்கறது, சேஸிஸ் நம்பர், அதாவது காரோட அடிச்சட்டத்துல பொறிச்ச நம்பர் இருக்குமே, அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதாங்கறதுதான். முடியாதுங்க. அந்தக் கால ரேஸ் புரோகிராம்ல டிரைவர் பேர் இருக்கும், கார் என்ன மேக்கு, அதாவது எந்தக் கம்பெனி கார்னு இருக்கும், சேஸிஸ் நம்பர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அப்போ ஜெயிச்ச கார் இதுதானா, இதோட அண்ணன் தம்பியான்னு எப்படிச் சொல்றது? இன்ஜின் நம்பரையும் நம்ப முடியாது, ரேஸ் கார்ல இன்ஜினைச் சட்டை மாத்தற மாதிரி மாத்துவாங்க. மிஞ்சறது போட்டோவும் அந்தக் காரோட உடம்பும்தான்.

உடம்புன்னு ஏன் சொல்றேன்னா, மூடின ஓட்டை, ஒட்டுப் போட்ட தகடு, பெயிண்டுக்கு அடியில பெயிண்ட், எல்லாமே சாட்சி. அதனாலதான் ரெஸ்டோர் பண்றவங்க வண்டி வந்த அன்னைக்கே சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணலை வேகமா அடிச்சுப் பெயிண்டை எல்லாம் உரிக்கறதுக்கு அனுப்பினா எனக்கு வயித்தெரிச்சல். பளபளன்னு வந்துரும், ஒத்துக்கறேன், ஆனா கேக்கறதுக்கு ஆள் இருந்தும் சாட்சியோட வாயை அடைச்சாச்சே.

என் நண்பர் ஒருத்தர்கிட்ட 1920-கள்ல செஞ்ச ஒரு கார். வால் பகுதியில நனைச்ச உப்புத்தாளை வச்சு ஒரு உள்ளங்கை அளவுக்கு மெதுவா தேய்ச்சோம். பச்சை போச்சு, சிவப்பு போச்சு, அதுக்குக் கீழ வெள்ளையில ஒரு கறுப்பு வளைவு. எட்டா, மூணா, ஆறா? எதுவா வேணா இருக்கலாம். அப்பத்தான் ஒரு பழைய போட்டோ கிடைக்குது, அதே மேக், வால்ல பெருசா 8. பூதக்கண்ணாடியை வச்சு பானெட்ல இருக்கற லூவர், அதாவது காத்து போறதுக்கு வெட்டின பிளவுங்க, ஒண்ணொண்ணா எண்றேன், சரியா இருக்கு. பானெட் பெல்ட் இருக்கற இடம் சரியா இருக்கு. ஆனா எக்ஸாஸ்ட் பைப் எதிர்ப்பக்கம்! ஹேண்ட்பிரேக்கும் எதிர்ப்பக்கம்! ரெண்டு வாரம், நான் பொய் சொல்லல, ரெண்டு வாரம் தூக்கம் போச்சு. இது வேற கார்னு முடிவு பண்ணி ஃபைலை மூடியே வச்சுட்டேன்.

அன்னைக்குன்னு பாத்து எங்க சித்தப்பா வீட்டுக்கு வந்தாரு, தையல் வேலை செஞ்சவரு, காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. போட்டோவைப் பாத்துட்டு, "இந்த மெக்கானிக் ஏன்டா பொம்பளை கோட்டு போட்டிருக்கான்?"னு கேட்டாரு. ஆம்பளை கோட்டுல இடது பக்கம்தான் மேல வரும், இதுல வலது பக்கம் மேல கிடக்குதாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நெகட்டிவைத் திருப்பி வச்சு பிரிண்ட் போட்டிருக்காங்க! நம்பர் 8-ங்கறதால கண்ணாடியில பாத்தாலும் அதே 8, யாருக்குமே சந்தேகம் வரல. போட்டோவைக் கண்ணாடி முன்னாடி பிடிச்சேன், பைப்பும் பிரேக்கும் அதது இடத்துக்கு வந்துருச்சு.

ஆனா உடனே குதிக்கக் கூடாது பாருங்க. ரேஸ் நம்பர் ஒவ்வொரு போட்டிக்கும் மாறும், 8-ம் நம்பர் ஆயிரம் கார்ல ஒட்டியிருப்பாங்க. அதுக்கப்புறம் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துத் தகட்டுல பட்டி போட்டு மூடின ரெண்டு ஓட்டை கிடைச்சுது, போட்டோவுல அதே இடத்துல பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கற கண்ணாடி ஒண்ணு மாட்டியிருக்கு. அப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஐயோ, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கைய காட்டறாங்க, டைம் ஆயிருச்சாம். இங்கிலாந்துல 1921-ல இருந்து வந்த லாக் புக், அதாவது வண்டியோட பதிவுப் புத்தகம், அப்புறம் அந்தப் பதிவை எழுதி வச்ச கவுன்சில் ரிஜிஸ்டர் பத்தி விரிவா சொல்லணும்னு குறிச்சு வச்சிருந்தேன், 1970-கள்ல கம்ப்யூட்டருக்கு மாத்தினப்போ நிறைய ரிஜிஸ்டர் குப்பைக்குப் போச்சுங்கறதோட நிறுத்திக்கறேன். சொல்ல நினைச்ச இன்னொண்ணு, பென்ட்லி கம்பெனியோட ஸ்பீட் சிக்ஸ் மாடல் ரேஸ் கார், 'ஓல்ட் நம்பர் ஒன்'னு பேரு, ஃபிரான்ஸ்ல நடக்கற லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல 1929, 1930 ரெண்டு வருஷமும் ஜெயிச்சுது, அப்புறம் இன்ஜின் மாறி, 1932-ல இங்கிலாந்துல ப்ரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக்ல விபத்தாகி, திரும்பக் கட்டி, பாதிக்கு மேல ஆளே மாறிப் போச்சு. இது அதேதானான்னு லண்டன் கோர்ட்டுக்கே போய், 1990-ல நீதிபதி அந்தப் பேர் இதுக்குச் செல்லும்னு தீர்ப்பு சொன்னாரு. அதை வச்சே ஒரு மணி நேரம் பேசலாம்.

நண்பரோட கார் இன்னும் முடியல. மத்த இடமெல்லாம் பெயிண்ட் ஆயாச்சு, வால்ல அந்த உள்ளங்கை அளவு இடத்தை அப்படியே விடணும்னு நண்பர் சொல்றாரு, பாக்க சொறி பிடிச்ச மாதிரி இருக்குன்னு பெயிண்டர் சொல்றாரு, சண்டை ஓடிக்கிட்டே இருக்கு. வரேங்க, வணக்கம்.