எம்.ஜி.பி வாங்குவதற்கு முன்னால் கதவை மூடிப் பாருங்கள்

வணக்கம். பழைய கார்களைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டபோது, எல்லாக் காரையும் பற்றிப் பேச எனக்குத் தெரியாது, எம்.ஜி.பி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று சொன்னேன், சரி என்றார்கள். பதினாறு வருடமாக என் வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம் வந்து இரண்டு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் போன் செய்து, "அண்ணா, எம்.ஜி.பி ஒன்று வாங்கலாம்னு இருக்கேன், எந்த மாடல் நல்லது?" என்று கேட்பார். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

இந்தக் கார் 1962இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் எம்.ஜி தொழிற்சாலை இருந்தது, 1980 அக்டோபரில் அதை மூடும் வரைக்கும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இவ்வளவு எண்ணிக்கையில் செய்ததால் உதிரி பாகம் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது, கதவுக் கைப்பிடி முதல் கார்புரேட்டர் வரை, ஏன், 1988இலிருந்து முழு பாடியையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாக அடித்துத் தருகிறார்கள். பழைய காரைத் தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

மாடல் என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது பம்பரைத்தான். 1974 வரை வந்தது குரோம் பம்பர், பளபளவென்று மெல்லியதாக இருக்கும். அதற்கப்புறம் கறுப்பாக, தடித்து, மூக்கு முழுவதையும் மூடிக்கொண்டு வந்தது ரப்பர் பம்பர். அமெரிக்காவில் பம்பர்களுக்குக் கடுமையான விதி வந்துவிட்டது, மெதுவாக இடித்தால் விளக்குக்கோ பாடிக்கோ சேதம் ஆகக் கூடாது என்று. கூடவே பம்பரின் உயரத்துக்கும் விதி. ஆபிங்டனில் புது பாடி செய்யப் பணம் இல்லை, அதனால் சஸ்பென்ஷனையே ஓர் அங்குலம் போல உயர்த்திவிட்டார்கள். வளைவில் திருப்பினால் கார் சாய்ந்தது. இந்தச் சாய்வுதான் ரப்பர் பம்பர் காருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது, ஐம்பது வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் 1976 கோடைக்குப் பிறகு வந்த கார்களில் முன்னால் சாய்வைத் தடுக்கும் தடித்த கம்பி, அதாவது ஆன்டி-ரோல் பார், போட்டு, பின்னாலும் ஒன்று சேர்த்து, அந்தக் குறையைப் பெரும்பாலும் சரி செய்துவிட்டார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அதே 1798 சிசி எஞ்சின், கூடவே மின்விசிறி வைத்த ரேடியேட்டர், வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் வசதி, எல்லாம் இருந்தும் மூக்கு கறுப்பு என்பதற்காக ஒதுக்குகிறார்கள்.

குரோம் பம்பரிலும் எல்லாம் ஒன்றல்ல. 1964 கடைசி வரை வந்த எஞ்சினில் கிராங்க்ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான், அதற்கப்புறம் ஐந்து. மூன்று பேரிங் எஞ்சின் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சுற்றும் என்பார்கள், ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு ஐந்துதான் வேண்டும். 1967 வரைக்கும் முதல் கியருக்கு, பற்கள் இடிக்காமல் சேர உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், அவசரப்பட்டால் கியர்பாக்ஸ் கத்தும். ஊருக்குள் நெரிசலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 1968க்கு மேல் பாருங்கள்.

அப்புறம் மேலே திறந்த ரோட்ஸ்டரா, கூரை மூடிய ஜி.டி.யா? 1965இல் பினின்ஃபரினா கைவைத்து வரைந்த கூரையோடு ஜி.டி வந்தது, பின்பக்கம் மேலே திறக்கும் கதவு, உள்ளே ஒரு சின்னப் பின் இருக்கை. பெரியவர்கள் அதில் உட்கார முடியாது, குழந்தைகள் உட்காரலாம், இல்லையென்றால் பையை வைக்கலாம். இந்த நாட்டு மழைக்கு ஜி.டி.தான் என்பது என் தீர்மானமான கருத்து. விலையும் ரோட்ஸ்டரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கூரை இருப்பதால் பாடியும் விறைப்பாக நிற்கிறது.

ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி என்று ஒன்று 1967இலிருந்து இரண்டு வருடம் வந்தது, சுமார் 9,000 கார். முன்னால் பாரம் அதிகம், ஆனால் நெடுஞ்சாலையில் சுகம். ரோவரின் அலுமினிய எஞ்சின் வைத்த ஜி.டி வி8, 1973 முதல் 1976 வரை, மொத்தமே 2,591. அந்த வி8 பெரிதாக இருந்தாலும் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் கார் சமநிலை கெடாமல் பறக்கும். இரண்டுமே முதல் கார் வாங்குகிறவருக்கு வேண்டாம். அந்தக் காலத்திலேயே தொழிற்சாலையில் செய்த வி8 ரோட்ஸ்டர் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள், அப்போது வி8ஐ ஜி.டி.யாக மட்டும்தான் விற்றார்கள்.

ஆனால் இந்த மாடல் கணக்கு எல்லாம் இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பகுதி. எம்.ஜி.பிக்குத் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியே சேஸ். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை, ஆக முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த சில்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும், துரு உள்ளேயிருந்து வரும், வெளியே தெரிவதற்குள் உள்ளே மாவாகியிருக்கும். நான் முதலில் வாங்கிய ரோட்ஸ்டருக்கு, ஏதோ ஒரு பட்டறையில் துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் வைத்து பெயின்ட் அடித்திருந்தார்கள். அதை வெட்டி எடுத்துச் சரி செய்ய எனக்கு மூன்று குளிர்காலம் போயிற்று. அந்தக் கஷ்டம் உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

போன வருடம் வேலையிடத்து நண்பர் ஒருவரோடு கார் பார்க்கப் போனேன். 1971 ரோட்ஸ்டர், நல்ல சிவப்பு, ஸ்போக் சக்கரம், குரோமில் முகம் பார்க்கலாம். நண்பர் அதைச் சுற்றி வந்த விதத்திலேயே அவர் மனது போய்விட்டது தெரிந்தது. நான் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி சில் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் பொத்தென்று விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, பட்டி. பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கதவுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரம் தரையை விட்டு எழும்பவும் கதவைச் சுற்றியிருந்த இடைவெளி கண்ணெதிரே மாறியது. ஒரு விரலால் மூடிய கதவு இப்போது இடித்துக்கொண்டு நின்றது. கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். நண்பர் ஒன்றும் பேசவில்லை, வருகிற வழியெல்லாம் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து 1978 ஜி.டி ஒன்று, பழுப்பு நிறம், கறுப்பு பம்பர், இருக்கையில் அந்தக் காலத்துக் கோடு போட்ட சாம்பல் துணி. அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் காந்தம் கடைசி வரை ஒட்டியது, தூக்கியபோது கதவு அப்படியே மூடியது, 3,000 மைலுக்கு ஒரு தரம் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடித்ததை நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தார்கள். ஓட்டிப் பார்க்கலாம் என்று மோட்டார்வேயில் ஏறினோம். நான்காவது கியரில் 70 மைல், எஞ்சின் நிமிடத்துக்கு 4,000ஐ நெருங்கிச் சுற்றுகிறது, உள்ளே நல்ல இரைச்சல். "கியர் குமிழ் மேலே ஒரு சுவிட்ச் இருக்கு பாருங்க, அதைத் தள்ளுங்க" என்றேன். தள்ளினார். ஓவர்டிரைவ் விழுந்தது, முள் சரசரவென்று 3,200க்கு இறங்கியது, இரைச்சல் அடங்கி டயர் ஓடும் சத்தம் கேட்டது. சுவிட்சை எடுத்தார், மறுபடியும் போட்டார். அடுத்த எக்ஸிட் வரும் வரை பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "அண்ணா, இதையே எடுத்துக்கறேன்."