பாலைவனக் கூடாரமும் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். நமீபியாவில் சொகுசுக் கூடாரத்தில் தங்கினேன் என்றால் எல்லோரும் மெத்தையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெத்தைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் பேச ஆசை தண்ணீரைப் பற்றி.

நாட்டின் வடமேற்கு மூலையில் ஹோவானிப் ஆறு. பெயர்தான் ஆறு, வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். அங்கே மரப்பலகை மேடைமேல் கித்தான் கூடாரங்கள். ஜூலையில் ராத்திரி குளிர் எடுத்துவிடும், போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போவார்கள். இருட்டிய பிறகு தனியே நடக்க விடமாட்டார்கள். சிங்கம் உலவும் இடம்.

விடிகாலையில் கித்தானைத் தொட்டால் ஈரம். மழை பெய்திருக்காது, மூடுபனி! அட்லாண்டிக் கரையை ஒட்டிப் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து, பனியாகி உள்ளே நகர்கிறது. அங்கே மழையைக் கெடுப்பதும் அந்த நீரோட்டம், பனியைக் கொடுப்பதும் அதேதான். அந்தக் கரையோர நமீப் பாலைவனத்தின் மணல்மேட்டில் ஒரு கறுப்பு வண்டு இருக்கிறது. தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பனியில் நிற்கும். முதுகில் படியும் துளி வழிந்து நேரே வாய்க்கு வந்துவிடும்.

சரி, யானைக்கு வருகிறேன். யானை என்று ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆற்றுமணலில் ஒரு பெண்யானை நின்றது. சும்மா நிற்கிறது என்றுதான் தோன்றியது. வழிகாட்டி ஜீப்பை அணைத்தார். பார்த்தால், முன்காலால் மணலைத் தள்ளுகிறது. தும்பிக்கையால் அள்ளி ஓரமாகப் போடுகிறது. மறுபடி தள்ளுகிறது. பள்ளம் ஆழமானதும் கொஞ்சம் பொறுத்தது, அடியில் நீர் ஊற வேண்டுமே! குட்டி அவசரப்பட்டு நடுவில் தும்பிக்கையை நுழைக்க, தாய் மெல்ல ஒதுக்கிவிட்டது. இவை தனி இனம் கிடையாது, சாதாரண ஆப்பிரிக்க யானைகளேதான். ஆனால் சில நாள் குடிக்காமலே நடக்கும். அவை விட்டுப்போன குழியில் மற்ற விலங்குகளும் வந்து குடிக்கும். அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தால், குளியலறையில் குழாயைத் திறக்கக் கை கூசுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். அந்த ஊர் மக்களைப் பற்றி நிறைய வைத்திருந்தேன்; சுருக்கிவிடுகிறேன். 1996இல் வந்த சட்டப்படி அங்குள்ள சமூகங்கள் கன்சர்வன்சி என்ற காட்டுயிர்ப் பராமரிப்பு அமைப்பை உருவாக்கி, காட்டுயிரால் வரும் வருமானத்தில் உரிமை பெறலாம். ஆகவே முன்பதிவு செய்யும்போது, எந்தக் கன்சர்வன்சிக்கு என்ன போகிறது என்று முகாமிடம் கேளுங்கள். அப்புறம், துணிப்பையே எடுத்துப் போங்கள், அங்கே போகும் சின்ன விமானத்தில் சக்கரப் பெட்டிக்கு இடம் இருக்காது. வணக்கம்.